டூ ஸ்ட்ரோக் ஏடிவி எஞ்சின்களில் காற்றுவழி மாற்றங்கள்

மணற்குன்று, சேற்றுநிலம், காட்டுப்பாதை போன்ற சாலையற்ற இடங்களில் ஓட்டுவதற்கென, காற்றழுத்தம் குறைந்த அகன்ற டயர்களும், கால்களை இருபுறமும் போட்டு அமரும் இருக்கையும், மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற ஹேண்டில்பாரும் கொண்டு அமைந்த வண்டியே ஏடிவி எனப்படுகிறது. 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் நான்கும் அமெரிக்கச் சந்தையில் பந்தயத் தன்மை கொண்ட டூ ஸ்ட்ரோக் ஏடிவிகளை அடுத்தடுத்து இறக்கின. சுசுகியின் எல்டி250ஆர் 1985இலும், ஹோண்டாவின் டிஆர்எக்ஸ்250ஆர் 1986இலும், கவாசாகியின் டெகாட்டே-4, சுசுகியின் எல்டி500ஆர், யமஹாவின் பான்ஷி 350 ஆகிய மூன்றும் 1987இலும், யமஹாவின் சிறிய வண்டியான பிளாஸ்டர் 1988இலும் வந்தன. 1988இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையே நீதிமன்ற ஒப்புதலோடு ஏற்பட்ட உடன்பாட்டால் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றதோடு நான்கு சக்கர வண்டிகளின் மீதும் கண்காணிப்பு இறுகியது. 1990களின் தொடக்கத்துக்குள் இவ்வரிசையில் பெரும்பாலானவை சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. பான்ஷியும் பிளாஸ்டரும் மட்டும், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் புகை விதிகள் ஏடிவிகளுக்கு நடைமுறைக்கு வந்த 2006 வரை, எஞ்சினில் அடிப்படை மாற்றம் ஏதுமின்றி விற்பனையில் நீடித்தன.

ஒரே எஞ்சின் இருபது ஆண்டுகள் மாறாமல் உற்பத்தியானதால் அதைச் சுற்றி வெளி உதிரிபாகத் தொழில் ஒன்று தழைத்தது. வண்டியை வாங்கியவர் முதலில் கைவைக்கும் இடமாகக் காற்றுவழியே அமைந்தது. எஞ்சினைத் திறக்காமல், சாதாரண ஸ்பேனர் செட்டைக் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடிய மாற்றம் அதுதான் என்பதே இதற்குக் காரணம். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழல், ரீட் வால்வு ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாற்றுப்பொருள் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் குதிரைத்திறனைக் கூட்டும் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. இவற்றுள் எது உண்மையில் திறனைக் கூட்டுகிறது, எது ஆக்ஸிலரேட்டரைத் தொட்டவுடன் எஞ்சின் எழும்பும் வேகத்தை, அதாவது மெக்கானிக்குகள் பிக்கப் என்று சொல்வதை, மட்டும் மாற்றுகிறது, எது எஞ்சினின் ஆயுளைக் குறைக்கிறது என்ற கேள்வியை, பெரும்பாலும் பான்ஷியின் எஞ்சினை முன்வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது. அந்த எஞ்சின் இந்திய வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்த ராஜ்தூத் 350இன் காற்றுக்குளிர்வு எஞ்சினும், பான்ஷியின் நீர்க்குளிர்வு எஞ்சினும் யமஹாவின் ஆர்டி குடும்பத்தில் வெவ்வேறு தலைமுறைகளைச் சேர்ந்தவை, 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், இரட்டைச் சிலிண்டர், 347 சிசி என்ற அளவுகள் இரண்டுக்கும் பொது.

எஞ்சின் மூச்சு வாங்கும் முறை

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. பிஸ்டன் மேலேறும்போது அதன் அடியில், கிராங்க் சுழலும் மூடிய அறையில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு கலவையைக் கார்புரேட்டர் வழியாகக் கிராங்க்கேஸ் எனப்படும் அந்த அறைக்குள் இழுக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை நெருக்கப்பட்டு, சிலிண்டர் சுவரில் உள்ள டிரான்ஸ்ஃபர் வழிகள் மூலம் மேலே ஏறுகிறது. உள்ளே வந்த கலவை பிஸ்டன் இறங்கும்போது வந்த வழியே திரும்பிப் போகாதபடி தடுக்க ஓர் ஒருவழிக் கதவு வேண்டும். பிஸ்டனின் பாவாடைப் பகுதியே துளையை மூடித் திறக்கும் பழைய முறையில், திறக்கும் கோணமும் மூடும் கோணமும் பிஸ்டனின் மேல்முனை நிலைக்கு இருபுறமும் சமமாகவே இருந்தாக வேண்டியிருந்ததால், உயர் வேகத்துக்கு ஏற்றவாறு துளையைப் பெரிதாக்கினால் குறை வேகத்தில் கலவை கார்புரேட்டர் வழியே பின்னோக்கித் தெறித்தது. கிராங்கோடு சேர்ந்து சுழலும் வட்டத்தகடு இச்சிக்கலை அழகாகத் தீர்த்தாலும், கார்புரேட்டர் எஞ்சினின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. யமஹா 1970களின் தொடக்கத்தில் டார்க் இண்டக்‌ஷன் என்ற பெயரில் தன் வண்டிகளில் பரவலாக்கிய ரீட் வால்வு இவ்விரண்டுக்கும் நடுவழி. கூரை வடிவக் கூடு ஒன்றின் சரிவுகளில் பொருத்தப்பட்ட மெல்லிய இதழ்கள், உள்ளே அழுத்தம் குறைந்தால் விரிந்தும் கூடினால் படிந்தும் தாமாகவே இயங்குகின்றன.

தாமாக இயங்குவது என்பதில்தான் காற்றுவழி மாற்றங்களின் வரம்பும் அடங்கியிருக்கிறது. கிராங்க்கேஸ் அப்படியொன்றும் வலிமையான பம்பு அன்று. பிஸ்டன் இறங்கும்போது அதனுள் ஏற்படும் நெருக்கம் ஒன்றரை மடங்கை ஒட்டியே இருக்கும். அதிவேகத்தில் சிலிண்டரை நிறைக்கும் வேலையின் பெரும்பங்கைச் செய்வது எக்ஸ்பான்ஷன் சேம்பர் எனப்படும், நடுவில் பருத்து இரு முனைகளிலும் குறுகிய புகைக்குழல். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் இதைப் பந்தய எஞ்சினுக்குரிய கருவியாகச் செப்பனிட்டார். அந்த அறிவு 1961இல் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டேக்னரோடு சுசுகிக்குப் போய்ச் சேர்ந்த கதை மோட்டார் பந்தய வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்டது. புகை வெளியேறும்போது குழலின் விரியும் பகுதியில் எழும் குறையழுத்த அலை திரும்பி வந்து சிலிண்டரை உறிஞ்சுகிறது. அந்நேரத்தில் டிரான்ஸ்ஃபர் வழிகளும் திறந்திருப்பதால் அந்த உறிஞ்சல் கிராங்க்கேஸ் வரை எட்டி, பிஸ்டன் கீழ்முனையில் இருக்கும்போதே ரீட் இதழ்களைத் திறந்துவிடுகிறது. ஆகவே குழலின் அலை எஞ்சின் வேகத்தோடு ஒத்திசையும் வேக எல்லைக்குள் எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறது என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது புகைக்குழலும் சிலிண்டர் துளைகளுமே; காற்றுவழி அந்தத் தேவையைத் தடையின்றி நிறைவேற்றலாம் அல்லது தடுக்கலாம், தேவையைப் புதிதாக உண்டாக்குவது அதன் வேலையன்று. வெளி உதிரிபாகங்களைப் பற்றிய விளம்பரங்கள் வாய்திறந்து சொல்லாத செய்தி இது. தொழிற்சாலைப் புகைக்குழலோடு நிற்கும் பான்ஷியில் காற்றுவழியை மட்டும் அகலப்படுத்துபவர் பெரும்பாலும் ஏமாற்றமடைவதற்கும், நல்ல குழல் மாட்டிய பிறகு அதே பாகங்கள் பயன் தருவதற்கும் காரணம் இதுதான்.

தேவையின் அளவை ஒரு கணக்கால் மதிப்பிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டரின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான காற்று நுழைவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 9000 சுற்றில் பான்ஷியின் ஒரு சிலிண்டர் வினாடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்றை விழுங்குகிறது. அதன் தொழிற்சாலை கார்புரேட்டரின் தொண்டை விட்டம் 26 மி.மீ.; சராசரியாக அங்கே காற்றின் வேகம் வினாடிக்கு 49 மீட்டர். காற்று ஒரு சுற்றின் ஒரு பகுதியில்தான் ஓடுகிறது என்பதால் உச்ச வேகம் இதைப்போல் ஏறக்குறைய இருமடங்காகும். இது கனத்த இழுப்புதான் என்றாலும் மூச்சுமுட்டல் என்று சொல்வதற்கில்லை. ஒரு சிசிக்கு எத்தனை சதுர மி.மீ. தொண்டைப் பரப்பு என்று பார்த்தால் பான்ஷியில் அது சுமார் 3.1 ஆக உள்ளது. 34 மி.மீ. கார்புரேட்டர் கொண்ட ஹோண்டா 250ஆரில் இதே விகிதம் 3.7, அந்த வண்டி மோட்டோகிராஸ் மரபிலிருந்து வந்தது என்பதால் தொழிற்சாலையே தாராளம் காட்டியிருந்தது. 195 சிசி ஒற்றைச் சிலிண்டரை அதே 26 மி.மீ. கார்புரேட்டரோடு ஓட்டும் பிளாஸ்டரில் விகிதம் 2.7க்கு இறங்குகிறது. மூன்றில் மிகவும் இறுக்கமாகக் கட்டப்பட்டது பிளாஸ்டரின் காற்றுவழிதான் என்பதால், கார்புரேட்டர் மாற்றத்துக்கு முதல் தகுதி அதற்கே உண்டு.

ஃபில்டரும் பெட்டியும்

காற்றுவழியின் வாசலில் இருப்பது ஏர் ஃபில்டர் பெட்டி. பான்ஷியில் இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே பெட்டியிலிருந்து மூச்சு வாங்குகின்றன. பெட்டியின் மூடியில் உள்ள சிறிய வாய் வழியாகவே வெளிக்காற்று நுழைகிறது. அந்த வாய் நீரையும் தூசியையும் தடுப்பதற்காகவும், உறிஞ்சும் ஓசையை அடக்குவதற்காகவும் குறுக்கப்பட்டது. மூடியைக் கழற்றிவிடுவது செலவே இல்லாத முதல் மாற்றம். அடுத்த படியில், எண்ணெயில் நனைத்த ஃபோம் ஃபில்டருக்குப் பதிலாகக் அமெரிக்காவின் கே அண்ட் என் போன்ற நிறுவனங்கள் செய்யும், மடிப்பு மடிப்பான பருத்தித் துணி ஃபில்டர் வருகிறது. அதையும் தாண்டி, பெட்டியையே எடுத்துவிட்டு ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனி ஃபில்டரை நேராக மாட்டுபவர்களும் உண்டு.

இம்மாற்றங்களில் காற்றோட்டம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மணலில் ஓடும் வண்டிக்கு ஃபில்டரின் முதல் கடமை காற்றை விடுவதன்று, மணலைத் தடுப்பதே. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே புகும் தூசி பிஸ்டனைத் தொடுவதற்கு முன்பே கிராங்கின் பேரிங்குகளைக் கடந்து போகிறது. மணலின் முக்கியக் கூறான குவார்ட்ஸ் மோ அளவையில் 7 என்ற கடினம் கொண்டது. சாதாரண இரும்பையும் அலுமினியத்தையும் அது அறுத்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளதைப் போல ஆயிலைச் சுற்றவிட்டு வடிகட்டும் ஏற்பாடும் இங்கே இல்லை. பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட தனி ஃபில்டர், பின்சக்கரங்கள் வாரியிறைக்கும் மணலுக்கு நேரெதிரே நிற்கிறது என்பதால், அதன்மேல் நீரை ஒட்டவிடாத மெல்லிய துணியுறை ஒன்றைப் போடும் வழக்கம் ஏற்பட்டது. ஃபோமோ பருத்தியோ, எண்ணெய் சீராகப் படிந்திருக்கிறதா, ஃபில்டரின் விளிம்பு கிரீஸ் தடவப்பட்டு இடைவெளியின்றி அமர்ந்திருக்கிறதா என்ற இரண்டும் ஃபில்டரின் பெயரைவிட முக்கியமானவை. ஒருநாள் ஓட்டத்துக்குப் பிறகு ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உட்புறம் உள்ள ரப்பர் குழலின் சுவரை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தால் போதும். துணியில் எண்ணெய்க் கறை மட்டும் தெரிந்தால் பொருத்தம் சரி, விரலிடுக்கில் நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால் அந்த ஃபில்டர் எத்தனை குதிரைத்திறன் தந்தாலும் வீண்.

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு சிலிண்டர்களும் இழுப்பதில் இன்னொரு நயமும் உண்டு. பெட்டியின் கொள்ளளவு ஒரு தேக்கமாக இருந்து, கார்புரேட்டர் வாயில் அமைதியான காற்றை வைத்திருக்கிறது; தனி ஃபில்டர்களில் அந்த அமைதி இல்லாததால் குறுக்குக்காற்றும் வேகமும் கலவையின் அளவைச் சிறிது ஆட்டிவைக்கின்றன. மூடியை மட்டும் நீக்கிப் பெட்டியை வைத்துக்கொள்வதே, மணலில் ஓட்டுபவருக்கு, இவ்வரிசையில் மிக நியாயமான ஏற்பாடாகப் படுகிறது.

கார்புரேட்டர்

கார்புரேட்டர் ஒரு குறுகிய தொண்டை. அதில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து, கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே மேலே இழுக்கப்படுகிறது. தொண்டை அகன்றால் உயர் வேகத்தில் தடை குறைகிறது. ஆனால் குறை வேகத்தில் காற்றின் விரைவு தணிந்து பெட்ரோலை இழுக்கும் விசையும் தளர்கிறது. 26 மி.மீ. தொண்டையை 28 ஆக்கினால் பரப்பு 16 சதவீதமும், 35 ஆக்கினால் 81 சதவீதமும் கூடுகின்றன. நிமிடத்துக்கு 4000 சுற்றில், மேலே கண்ட கணக்கின்படி, 26 மி.மீ. தொண்டையில் வினாடிக்கு 22 மீட்டராக இருக்கும் சராசரிக் காற்றுவேகம் 35 மி.மீ. தொண்டையில் 12 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. காட்டுப்பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் எஞ்சினைத் தணித்து எழுப்பும் ஓட்டத்தில் இது விக்கலாகவும் மந்தமாகவும் வெளிப்படும். மணற்குன்றில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறுபவருக்கு இது தெரியவே தெரியாது. பெரிய கார்புரேட்டர் நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதம் முடிவின்றி நீள்வதற்குக் காரணம், வாதிடுபவர்கள் வெவ்வேறு நிலத்தில் ஓட்டுகிறார்கள் என்பதைத் தவிர வேறில்லை.

கெய்ஹின் நிறுவனத்தின் பிடபிள்யூகே வகையும், மிக்குனியின் டிஎம் வகையும், தொழிற்சாலை கார்புரேட்டரில் உள்ள உருளைவடிவ ஸ்லைடுக்குப் பதிலாகத் தட்டையான அல்லது பிறைவடிவ ஸ்லைடைக் கொண்டவை. ஸ்லைடு என்பது ஆக்ஸிலரேட்டர் கம்பியோடு ஏறி இறங்கித் தொண்டையைத் திறக்கும் கதவு. அது மெல்லியதாக இருந்தால், பாதி திறந்த நிலையில் காற்று அதைச் சுற்றிச் சுழித்து வீணாகாமல் நேரே செல்கிறது. இதனால் ஒரே விட்டத்தில்கூட பெட்ரோல் இழுப்பு வலுக்கிறது. 28 மி.மீ. தட்டை ஸ்லைடு கார்புரேட்டர் பான்ஷிக்கு இத்தனை ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருப்பதன் நியாயம் விட்டத்தைவிட இந்த வடிவத்திலேயே இருக்கிறது. இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே கார்புரேட்டர் போதும் என்று, இரண்டை ஒன்றாக்கும் குழலோடு விற்கப்படும் ஏற்பாடும் உண்டு. அது உச்சத் திறனில் சிறிது விட்டுக்கொடுத்து, ஜெட் மாற்றும் வேலையைப் பாதியாக்குவதோடு, இரு ஸ்லைடுகளையும் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கவைக்கும் தலைவலியையும் தீர்த்துவைக்கிறது.

வேறு கார்புரேட்டர் மாட்டும்போது பான்ஷியிலும் பிளாஸ்டரிலும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு கழன்றுபோகிறது. கட்டைவிரலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்த பிறகும் ஸ்லைடு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், கைப்பிடியில் ஒன்றும் கார்புரேட்டரில் ஒன்றுமாக உள்ள இரு சுவிட்சுகளின் முரண்பாட்டைக் கண்டு, தீப்பொறியைக் குறைத்து எஞ்சினை அடக்கும் சுற்று அது. டார்ஸ் என்ற பெயரால் அறியப்படுவது. வெளி கார்புரேட்டர்களில் அந்தச் சுவிட்சுக்கு இடம் இல்லை. தொல்லை கொடுக்கும் பாகம் என்று பலர் அதை மகிழ்ச்சியோடு கழற்றி வீசினாலும், தட்டை ஸ்லைடின் இடுக்கில் ஒரு மணல்துகள் புகுந்தாலே கதவு இறங்காமல் நிற்கக்கூடும் என்பதால், ஓட்டுபவர் வண்டியிலிருந்து விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடும் மணிக்கட்டுக் கயிறையாவது அதற்கு ஈடாக மாட்டுவது இன்றியமையாதது.

ரீட் வால்வு

காற்றுவழிப் பாகங்களில் ஆய்வுக்கு மிகவும் இடம்தருவது ரீட் வால்வுதான். நிமிடத்துக்கு 9000 சுற்றில் ஓர் இதழ் வினாடிக்கு 150 முறை திறந்து மூட வேண்டும். ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 6.7 மில்லிவினாடி, அதில் பாதிதான் திறந்திருக்கும் காலம். இதழ் ஒரு முனையில் பிணைக்கப்பட்ட மெல்லிய பட்டை என்பதால் அதற்கென இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. எஞ்சினின் வேகம் அந்த அதிர்வெண்ணை நெருங்கி மீறும்போது இதழ் தன் இருக்கையில் படியும் முன்பே மறுபடி இழுக்கப்பட்டுத் துடிக்கத் தொடங்குகிறது. உள்ளே வந்த கலவை பின்னே கசிகிறது, இதழின் நுனி நொறுங்குகிறது. இதழின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. 0.4 மி.மீ. இதழை 0.5 ஆக்கினால் அது ஏறத்தாழ இருமடங்கு விறைப்பாகிறது, அதிர்வெண்ணோ கால் பங்குதான் கூடுகிறது. விறைத்த இதழ் உயர் வேகத்தில் ஒழுங்காக மூடும். ஆனால் குறை வேகத்தின் பலவீனமான இழுப்பில் திறக்க அடம்பிடிக்கும். எனவே, எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே இதழ் என ஒன்று இருக்க முடியாது. வெளி நிறுவனங்கள் முன்வைத்த தீர்வுகள் அனைத்தும் இந்த முரணைச் சுற்றி வந்தவையே.

முதல் வழி, இதழின் பொருளை மாற்றுவது. எஃகு இதழ்கள் நீடித்து உழைத்தாலும் கனமானவை. உடைந்தால் துண்டு நேராகச் சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டனையும் சுவரையும் கீறிவிடும். கண்ணாடியிழை இதழ்கள் எடை குறைந்தவை, உடைந்தாலும் பெரும்பாலும் பொடிந்து வெளியேறிவிடும்; கார்பன் இழை இதழ்கள் அதே எடையில் கூடுதல் விறைப்புத் தருகின்றன, ஆனால் நுனி பிசிறத் தொடங்கினால் விரைவில் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாம் வழி, அமெரிக்காவின் ஐவிண்ட் பாய்சன் 1970களில் புகழ்பெறச் செய்த இரட்டையடுக்கு இதழ். சன்னல் வெட்டிய தடித்த இதழின்மேல் மெல்லிய இதழ் ஒன்று அமர்கிறது. மென்மையான இழுப்புக்கு மேலடுக்கு மட்டும் எழுகிறது, வலுத்த இழுப்புக்கு இரண்டும் சேர்ந்து எழுகின்றன. மேலே கண்ட முரணுக்கு இதைவிட எளிய விடை இன்றுவரை வரவில்லை என்றே சொல்லலாம். விலையும் மலிவு, தொழிற்சாலைக் கூட்டிலேயே மாட்டிவிடலாம்.

மூன்றாம் வழி, கூட்டையே மாற்றுவது. மோட்டோ டாசினாரி நிறுவனத்தின் வி-ஃபோர்ஸ் வரிசையில், ஒரு கூரைக்குப் பதில் இரண்டு கூரைகள் அருகருகே நிற்கின்றன. இதழ்களின் எண்ணிக்கை இரட்டிப்பாவதால், அதே அளவு காற்று செல்ல ஒவ்வோர் இதழும் பாதி தூரம் எழுந்தால் போதும். குறைவாக எழும் இதழ் விரைந்து மூடும், நீண்ட நாள் உழைக்கும்; ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் எழும்பும் விரைவில் இம்மாற்றம் தெளிவாக உணரப்படுகிறது. உச்சத் திறனில் அது தரும் உயர்வு, புகைக்குழலும் சிலிண்டர் துளைகளும் எவ்வளவு காற்று கேட்கின்றன என்பதையே பொறுத்தது. பான்ஷியில் ரீட் கூடு கிராங்க்கேஸில் இல்லாமல் சிலிண்டரின் பின்புறம் அமர்ந்திருக்கிறது. அதைத் தாண்டிய கலவை பிஸ்டன் சுவரில் வெட்டிய சன்னல்கள் வழியே கீழே இறங்க வேண்டியிருக்கிறது. கூட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அதன் பின்னே உள்ள துளையும் பிஸ்டன் சன்னலும் பழைய அளவிலேயே இருந்தால், நெரிசல் ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப்போகிறது, அவ்வளவே.

ரீட் கூட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே வைக்கப்படும் ஸ்பேசர் எனப்படும் தடித்த இடைத்தகடும், கார்புரேட்டர் குழலில் ஒட்டவைக்கப்படும் பூஸ்ட் பாட்டிலும் சுருக்கமாகக் கவனிக்கத்தக்கவை. முன்னது கிராங்க்கேஸின் கொள்ளளவைக் கூட்டி, உயர் வேகத்தில் சிறிது நன்மையும் குறை வேகத்தில் சிறிது இழப்பும் தருகிறது. பின்னது, ரீட் மூடிய கணத்தில் முட்டிநிற்கும் கலவையை ஒரு குடுவையில் வாங்கிவைத்து அடுத்த இழுப்பில் திருப்பித்தருவது. யமஹா தானே ஒய்இஐஎஸ் என்ற பெயரில் தன் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் பயன்படுத்திய தத்துவம் அது. ஆனால் பான்ஷியில் இரு சிலிண்டர்களும் அரைச்சுற்று இடைவெளியில் மாறிமாறி இழுப்பவை. அவற்றின் குழல்களை இணைக்கும் சிறு குறுக்குக்குழாய் தொழிற்சாலையிலேயே உண்டு, ஒன்று மறுக்கும் கலவையை மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. அதன் நடுவே வண்ணம் பூசிய அலுமினியக் குடுவையைச் செருகுவது அலங்காரத்துக்கு மேல் அதிகம் எதையும் சேர்ப்பதில்லை.

ஜெட் மாற்றமும் அதன் விலையும்

காற்றுவழியில் எதைத் தொட்டாலும் பெட்ரோலின் அளவையும் மாற்றியாக வேண்டும். காற்று கூடிப் பெட்ரோல் அதே அளவில் நின்றால் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை சூடாக எரிகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது, அல்லது அதன் தலையில் துளை விழுகிறது. பான்ஷி போன்று பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்றும் வண்டியில் ஆபத்து இரட்டிப்பு. பெட்ரோல் குறைந்தால் அதனோடு வரும் ஆயிலும் குறைகிறது. பாதுகாப்புக்காக ஆயிலைக் கூட்டிக் கலப்பவர்கள், அதே ஜெட்டின் வழியே பெட்ரோலின் பங்கு அந்த அளவுக்குக் குறைந்து கலவை மேலும் மெலிகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

ஜெட் சரியா என்பதற்கு நெடுங்காலச் சோதனை ஸ்பார்க் பிளக்கைப் படிப்பதாகும். புதிய பிளக்கை மாட்டி, முழு ஆக்ஸிலரேட்டரில் மேல் கியரில் சிறிது தூரம் ஓடி, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தாமலே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றினால், பீங்கானின் அடிப்பகுதியில் கலவையின் நிலையைக் காட்டும் ஒரு வளையம் தெரிகிறது. வெளியே தெரியும் நுனியின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்வது பரவலான தவறு. அது அன்றைய பெட்ரோலையும் ஐடிலில் நின்ற நேரத்தையும் காட்டுமேயன்றி முழு ஆக்ஸிலரேட்டரின் கலவையைக் காட்டாது. கார்புரேட்டர் ஒரே ஜெட்டால் இயங்குவதும் இல்லை. கால் பங்கு திறப்புக்குக் கீழே பைலட் ஜெட்டும், நடுப்பகுதியில் ஊசியின் சரிவும் கிளிப்பின் நிலையும், முக்கால் பங்குக்கு மேலே மெயின் ஜெட்டும் ஆள்கின்றன. மெயின் ஜெட்டை மட்டும் பெரிதாக்கி நிறுத்திக்கொண்ட வண்டி, மணற்குன்றில் நன்றாக ஏறிவிட்டு, பாதி ஆக்ஸிலரேட்டரில் கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

ஓர் இடத்துக்குச் சரியான ஜெட் இன்னோர் இடத்துக்குச் சரியாக இருப்பதில்லை. கலிபோர்னியாவின் தென்கிழக்கில் கிளாமிஸ் என்று அழைக்கப்படும் மணற்பரப்பு கடல்மட்டத்துக்கு அருகில் இருக்கிறது. ஐடஹோவின் செயின்ட் அந்தோணி மணற்குன்றுகளோ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளன, அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. மேட்டில் ஜெட் செய்த வண்டி அதே அமைப்போடு கீழே வந்தால் கலவை ஆபத்தான அளவுக்கு மெலியும். ஒரே இடத்தில்கூட, 35 டிகிரி பகலில் ஒழுங்காக ஓடியது 5 டிகிரி குளிர்காலையில் பத்து சதவீதம் அடர்ந்த காற்றைச் சந்திக்கிறது. கிளாமிஸில் வண்டிகள் கூடும் பருவம் குளிர்காலம் என்பதால் இது வெறும் ஏட்டுக்கணக்கன்று.

கலவை மெலிவதற்கு ஜெட்டைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது காற்றுவழி வேலையின்போதே பெரும்பாலும் புகுந்துவிடுகிறது. கார்புரேட்டருக்குப் பின்னே ரப்பர் குழலிலோ, ரீட் கூட்டின் கேஸ்கெட்டிலோ மயிரிழைப் பிளவு இருந்தால் எஞ்சின் அந்த வழியாகவும் காற்று இழுக்கும். ஐடிலில் வேகம் தானாக ஏறி, பின் இறங்காமல் நிற்பது அதன் அடையாளம். புகைவாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, உள்ளே சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி, அது சில நிமிடங்கள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு எளிய பம்பும் அளவியும் போதும். எந்தப் பாகத்தை வாங்குவதற்கு முன்பும் இச்சோதனையைச் செய்துவிடுவது அந்தப் பாகத்தைவிடப் பயன் தரும்.

அளவீட்டின் சிக்கல்

காற்றுவழி மாற்றங்கள் தரும் உயர்வைப் பற்றிப் புழங்கும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தனிக் கேள்வி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினை டைனோ எனப்படும் திறனளக்கும் கருவியின் உருளையில் ஏற்றி அளக்கும்போது, புகைக்குழல் சூடாகச் சூடாக அதனுள் ஒலியின் வேகம் கூடி, குழல் ஒத்திசையும் சுற்றுவேகமும் மேலே நகர்கிறது. குளிர்ந்த குழலோடு எடுத்த அளவையும் சூடேறிய குழலோடு எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் எந்தப் பாகமும் மாறாமலே வேறுபாடு தெரியும். அத்துடன் ரீட் மாற்றுபவர் அன்றே கார்புரேட்டரைச் சுத்தம் செய்கிறார், ஜெட்டைத் திருத்துகிறார், பிளக்கைப் புதுப்பிக்கிறார்; பிறகு கிடைக்கும் உயர்வு முழுவதும் விலை கொடுத்து வாங்கிய பாகத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. ஓசையும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது: மூடியில்லாத பெட்டியிலிருந்து எழும் உறிஞ்சல் உறுமல், அதே வேகத்தில் போகும் வண்டியையும் விரைந்து போவதாக உணரவைக்கும். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்டன் பிளேர் இவ்வகை எஞ்சின்களுக்கு 1990இல் எழுதிய அடிப்படை நூல், உள்ளே நுழைந்த காற்றின் அளவையும் சிலிண்டரில் தங்கிய அளவையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கக் கற்பிக்கிறது. உள்ளே நுழைந்ததில் ஒரு பகுதி எரியாமலே புகைவாய் வழியாகப் போய்விடுகிறது என்பதால், அதிகம் இழுக்கும் எஞ்சின் அதிகம் எரிப்பதாகாது. எரியாத இந்தப் பெட்ரோல், சில நிலைகளில் கால் பங்குக்கும் மேல், காற்றில் கலப்பதே புகை விதிகள் இவ்வண்டிகளை ஒதுக்கியதற்கு முதற்காரணம்.

பான்ஷியின் விற்பனை அமெரிக்காவில் 2006இல் நின்றுவிட்டது. இன்று கைமாறும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ரப்பர் குழல்கள் வெடித்தும், பழைய இதழ்கள் நுனி வளைந்து வெளிச்சம் புகும் அளவுக்கு இடைவெளி விட்டும் இருக்கின்றன. ரீட் கூட்டைக் கழற்றிச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அப்படித் தளர்ந்துபோன பாகத்தின் இடத்தில் வைக்கப்பட்ட புதிய வெளிப் பாகம் வண்டியைத் துள்ளி எழச் செய்தால், அதில் எவ்வளவு புதிய வடிவத்தின் பயன், எவ்வளவு புதிய பொருள் என்பதன் பயன் என்று பிரிக்க, அதே வண்டியில் புத்தம்புதிய தொழிற்சாலை இதழ்களையும் மாட்டி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஒப்பீடுகளில் விடுபட்டுப்போவது இந்த ஓட்டம்தான்.